ஈரம் அளந்த வேலை

நூற்பாலையில் நூலைத் தொடாமலே சம்பளம் வாங்கியவன் நான். என் பிழைப்பு காற்றோடு. பஞ்சைப் பிரிக்கிற ப்ளோ ரூமில் தொடங்கி, கோன் சுற்றுகிற வைண்டிங் வரைக்கும் எந்தக் கூடத்துக் காற்றில் எவ்வளவு ஈரம் நிற்க வேண்டுமோ, அதை நிற்க வைப்பது என் பொறுப்பு. ஆபீஸ் தாளில் அதற்கு ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் என்று பெயர். அவ்வளவு நீளம் வாயில் நுழையாது என்பதால் எல்லோரும் ‘ஹெச் பிளான்ட்’ என்பார்கள். நூல் நூற்கிற ரிங் ஃப்ரேமில் நிற்கிற பெண்பிள்ளைகளுக்கு அது வெறும் ‘தண்ணி ரூம்’.

ஓய்வு பெற்ற பிறகு ஆலைக்காரர்கள் யாரும் என்னைத் தேடுவதில்லை. சொந்தக்காரர்கள்தான் தேடுகிறார்கள். டொராண்டோவில் இருக்கிற அண்ணன் மகள், ரியாத்தில் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுப் பையன், நாகர்கோவிலிலேயே புதிதாக ஏசி மாட்டிய நண்பர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்பது ஒரே கேள்வி. “வீடு வறண்டு கெடக்கு. ஈரம் ஊட்டுத மெஷின் ஒண்ணு வாங்கலாம்ணு இருக்கோம். எது கொள்ளாம்?”

கம்பெனிப் பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒரு கூடத்துக்குக் காற்று விடுகிறவனுக்கும் ஒரு படுக்கையறைக்குக் காற்று விடுகிறவனுக்கும் கணக்கு ஒன்றுதான். ஆகவே ஆலையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஆலை ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற இடத்தில் விழுந்த இடைவெளி அந்தக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கிப் புகுந்து வெளியே பாய்வதால்தான் முப்பந்தலைச் சுற்றி அவ்வளவு காற்றாலைகள் நிற்கின்றன. கணவாய்க்கு மேற்கே நாஞ்சில் நாடு: குளம், வயல், வாழை, அதைத் தாண்டினால் கடல். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிற மண். ஆடி மாதம் கொடியில் போட்ட வேட்டி இரண்டு நாளானாலும் காயாது. கணவாய்க்குக் கிழக்கே காவல்கிணறும் பணகுடியும் மழை மறைவுப் பிரதேசம். அங்கே பனையும் உடைமரமும் செம்மண்ணும். மலைக்கு மேற்கிலேயே மழையைக் கொட்டிவிட்டு வெறும் வேகத்தோடு வருகிற காற்று, கிழக்கே ஈரத்தையெல்லாம் துடைத்துக்கொண்டு போகும். பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள் இரண்டு தட்பவெப்பம். நாங்கள் அந்த இரண்டுக்கும் நடுவாசலில் இருந்தோம்.

புதிதாக வேலைக்குச் சேர்கிற பையன்கள் எல்லோரும் ஒன்று கேட்பார்கள். “மூணு பக்கமும் கடலு. இங்க எதுக்கு அண்ணே காத்துக்கு ஈரம்?”

பதில் காற்றில் இல்லை, மெஷினில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான கதிர்கள் கொண்ட ஃப்ரேம்கள் வரிசையாக ஓடுகிற கூடத்தில் மோட்டார் எடுக்கிற கரண்ட் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. சூடான காற்றால் கூடுதல் ஈரத்தை வைத்துக்கொள்ள முடியும். உள்ளே இருக்கிற தண்ணீர் கூடாமல் சூடு மட்டும் ஏறினால், இருக்கிற தண்ணீர் கொள்ளளவில் சின்னப் பங்காகிவிடும். இந்தப் பங்கைத்தான் ஆர்.ஹெச். என்கிறோம், ஒப்பு ஈரப்பதம். சூடு ஏற ஏற ஆர்.ஹெச். இறங்கும். இந்த ஒரு வரி புரிந்தால் மீதியெல்லாம் அதிலிருந்தே வரும்.

பஞ்சுக்கு ஈரம் வேண்டும். முழுக்கக் காய்ந்த நூறு கிலோ பஞ்சு எட்டரைக் கிலோ தண்ணீரைச் சுமந்திருக்கலாம் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வியாபாரக் கணக்கு. கம்பளியும் ரேயானும் நனைந்தால் பலம் குறையும். பருத்தி நேரெதிர், ஈரம் ஏறினால் இழை பலப்படும். காற்று வறண்டுபோனால் இழை நொறுங்கும், நூல் அறும், தூசிப் பஞ்சு கூடம் முழுக்கப் பறக்கும். உராய்கிற இடத்திலெல்லாம் மின்னேற்றம் சேர்ந்து இழைகள் ஒன்றையொன்று விலக்கிச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். ஈரம் மிஞ்சினாலும் கெடுதல்தான். இழை ரோலரில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். லேப்பிங் என்போம். கத்தியால் அறுத்து எடுப்பதற்குள் அந்தப் பெண்பிள்ளைகளுக்கு விரல் போய்விடும். ஆகவே ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு அளவு உண்டு. பஞ்சைச் சீவுகிற கார்டிங்கில் 50 சதவீதத்தை ஒட்டி, ரிங் ஃப்ரேமில் 55-லிருந்து 60, வைண்டிங்கில் 60-லிருந்து 65. நெசவுக் கூடம் என்றால் 75-க்கும் மேலே.

நாகர்கோவில் வடசேரியில் கைத்தறி போட்டவர்களுக்கு இந்த எண்கள் தெரியாது, விஷயம் தெரியும். குழித்தறியில் கால் வைக்கிற பள்ளத்திலிருந்து மண்ணின் ஈரம் மேலேறி, பாவு இழையை இளக்கமாக வைத்திருக்கும். முந்திரி ஆலைக்காரர்களுக்கும் தெரியும். போர்மா என்கிற உலர்த்தறையில் காய்ந்து வெளியே வருகிற பருப்பு நொறுங்கும் பதத்தில் இருக்கும். அதற்குக் கொஞ்சம் ஈரக்காற்று காட்டிய பிறகே தோல் உரிக்க எடுப்பார்கள், இல்லாவிட்டால் முழுப்பருப்பு உடைந்து நொய் விலைக்குப் போய்விடும். காய்வதும் ஈரமாவதும் இந்த ஜில்லாவில் காசு சம்பந்தப்பட்ட விஷயம்.

இனி எங்கள் தண்ணி ரூம். கூடத்தை ஒட்டி ஒரு நீண்ட அறை. ஒரு முனையில் வெளிக்காற்று வருகிற டேம்பர் என்கிற தடுப்புக் கதவு, பக்கத்திலேயே கூடத்தின் தரைக்கடியில் ஓடுகிற சுரங்கம் வழியாகத் திரும்பி வருகிற காற்றுக்கு இன்னொரு டேம்பர். அந்தக் காற்றில் பஞ்சு நிறைய இருக்கும் என்பதால் முதலில் சுழலும் டிரம் ஃபில்டர். அதைத் தாண்டினால் ஏர் வாஷர். வரிசை வரிசையாகக் குழாய், குழாய் முழுக்க நாசில், தண்ணீர் பூச்சிதறலாகப் பாயும். காற்று அதன் ஊடே புகுந்து வந்ததும், நெளிநெளியான தகடுகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு எலிமினேட்டர் என்று பெயர். காற்று வளைந்து வளைந்து போகும். துளியாக இருக்கிற தண்ணீர் வளையத் தெரியாமல் தகட்டில் மோதிக் கீழே தொட்டிக்கே வழிந்துவிடும். ஆவியானது மட்டும் காற்றோடு போகும். துளி தப்பிக் கூடத்துக்குள் போனால் டக்டெல்லாம் பாசி பிடிக்கும், மெஷின் துருப்பிடிக்கும். ஈரம் ஊட்டுவதில் முதல் பாடம் இதுதான்: காற்றுக்குள் போக வேண்டியது ஆவி, துளி அல்ல.

ஒரு கணக்கு காட்டுகிறேன். பங்குனி மத்தியானம், வெளியே உலர் குமிழ் 34 டிகிரி, ஈரக் குமிழ் 24. ஆர்.ஹெச். 43 சதவீதம். ஏர் வாஷர் நன்றாக வேலை செய்தால் காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்து, 92 சதவீத ஈரத்தோடு வெளியேறும். குளிர்ச்சி எங்கிருந்து வந்தது? ஒரு கிலோ காற்றில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் சுமார் இரண்டரை டிகிரி இறங்கும். ஆவியாவதற்கான சூட்டைத் தண்ணீர் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். அந்தக் காற்று கூடத்துக்குள் போய் மெஷின் சூட்டில் 32 டிகிரிக்கு ஏறும்போது, புதிதாக ஒரு சொட்டும் சேராமல், ஒரு சொட்டும் குறையாமல், ஆர்.ஹெச். 61-ல் வந்து நிற்கும். ரிங் ஃப்ரேம் கேட்பது கிட்டத்தட்ட அதைத்தான்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒரு தெர்மாமீட்டர் அப்படியே தொங்கும், அது உலர் குமிழ். இன்னொன்றின் குமிழுக்கு மஸ்லின் துணி சுற்றி, துணியின் வால் சுத்தத் தண்ணீர்க் குப்பியில் முங்கியிருக்கும், அது ஈரக் குமிழ். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு வறட்சி. ஒவ்வொரு ஷிப்டிலும் குறித்த நேரத்தில் படித்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அது முதலாளி போட்ட விதி என்று பல பேர் நினைத்திருந்தார்கள். சட்டம் போட்ட விதி அது.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவுக் கூடங்களில், பாவு அறாமலிருக்க நீராவியையே கூடத்துக்குள் திறந்துவிட்ட காலம் ஒன்று இருந்தது. நெசவாளிகள் நனைந்த உடையோடு இருமிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் கிளர்ந்ததன் பலன், 1889-ல் வந்த பருத்தித் துணி ஆலைச் சட்டம். இந்த வெப்பநிலைக்கு இவ்வளவு ஈரம்தான் என்று அட்டவணை போட்டு, கூடத்தில் தெர்மாமீட்டர் மாட்டச் சொன்னது. நம் நாட்டின் 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 15-ஆவது பிரிவு முழுக்கச் செயற்கை ஈரமூட்டலைப் பற்றியதாக இருந்தது. அதில் ஒரு வாசகத்தின் சாரத்தை எங்கள் பிளான்ட் சுவரில் எழுதி வைத்திருந்தோம்: காற்றை ஈரமாக்கப் பயன்படுத்துகிற தண்ணீர், பொதுக் குடிநீர் வழங்கலிலிருந்தோ வேறு குடிநீர் ஆதாரத்திலிருந்தோ எடுத்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நன்றாகச் சுத்திகரித்ததாக இருக்க வேண்டும். குடிக்க மாட்டாத தண்ணீரை அடுத்தவர் மூச்சில் ஏற்றாதே என்பதுதான் அதன் பொருள். வீட்டு மெஷினுக்கும் இதைவிட நல்ல விதி நான் பார்த்ததில்லை.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மேஸ்திரி அதிகம் பேச மாட்டார். ஆடியில் கணவாய்க்குள் சாரல் இறங்கி வெளிக்காற்றே நனைந்து வருகிற நாட்களில், பம்பை நிறுத்திவிட்டு டேம்பரை மட்டும் திருகிக்கொண்டிருப்பார். திரும்பி வருகிற சூடான காற்றைக் கூடுதலாகச் சேர்த்து ஈரத்தைக் குறைப்பார். நான் சும்மா நிற்கிறேனே என்று பம்ப் ஸ்விட்ச் பக்கம் போனால் ஒரு அதட்டல் வரும். “தண்ணி விடுததுக்கு எவனும் விடுவாம்லே. எப்பம் நிறுத்தணும்ணு தெரிஞ்சாத்தான் நீ பிளான்ட்டுக்காரன்.” நான் கற்ற தொழில் அந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கும்.

ஆலையை விட்டு வந்தபின் கொஞ்ச காலம் ஏர் கூலர் ரிப்பேர் பார்த்தேன். கூலர் என்பது ஏர் வாஷரின் சின்னப் பிள்ளை: ஒரு ஃபேன், ஒரு பம்ப், தண்ணீர் வழிகிற பேட். அப்போது கணவாயின் இரண்டு பக்கமும் எனக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பணகுடியில் 36 டிகிரிக்கு ஈரக் குமிழ் 24 இருக்கிற மத்தியானத்தில் கூலர் போட்டால் 26, 27 டிகிரிக் காற்று வரும். வீட்டுக்காரர் கும்பிடுவார். அதே கூலரை மணக்குடிக் கடற்கரைப் பக்கம் 32-க்கு 27 இருக்கிற நாளில் போட்டால் 28-க்குக் கீழே போகாது, கூடவே பிசுபிசுப்பும் சேரும். “மெஷின் கேடு” என்று என்னைக் கூப்பிடுவார்கள். மெஷினில் ஒரு கேடும் இருக்காது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று மேலும் வாங்காது, அவ்வளவுதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அதற்கு மேல் ஒரு ஃபேன் போதும் என்று சொல்லிவிட்டு வருவேன்.

இதே ‘மேலும் வாங்காது’ என்ற குணம்தான் ஆவியாக்கும் வகை ஈரமூட்டியை வீட்டுக்கு நல்லதாக்குகிறது. கடையில் மூன்று ஜாதி மெஷின் கிடைக்கும். ஒன்று தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவி விடுவது. சுத்தமானது, ஆனால் ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட முக்கால் யூனிட் கரண்ட் தின்னும், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கொதிநீர் ஆபத்து வேறு. இரண்டாவது அல்ட்ராசோனிக். ஒரு சின்னத் தகடு அதிவேகமாக அதிர்ந்து தண்ணீரை நுண்துளியாக்கி எறியும். வெள்ளைப் புகை பார்க்க அழகு. ஆனால் எறிவது துளி என்பதால் தண்ணீரில் இருக்கிற உப்பும் கிருமியும் சேர்ந்தே பறக்கும். அறை முழுக்க மேசையிலும் டிவியிலும் வெள்ளைப் பொடி படியும். அறை நிறைந்தாலும் அது நிறுத்தாது, எறிந்துகொண்டே இருக்கும். மூன்றாவது, ஆவியாக்குவது: தொட்டித் தண்ணீரில் நிற்கிற தடித்த காகிதத் திரி, அதன் ஊடே காற்றை இழுக்கிற ஃபேன். உப்பு திரியிலேயே தங்கிவிடும். காற்று வறண்டிருந்தால் வேகமாக உறிஞ்சும், ஈரம் ஏற ஏறத் தானாகவே தளர்ந்துவிடும். என் மேஸ்திரி கையால் செய்ததில் பாதியை அது தானே செய்கிறது.

அண்ணன் மகளுக்கு இதைத்தான் வாங்கச் சொன்னேன். வாங்கிய மறுநாளே போன்.

“சித்தப்பா, பொகையே வரல்ல. கடைக்காரன் ஏமாத்திட்டானா?”

“பொகை வரக்கூடாது மக்களே. தொட்டியில தண்ணி கொறையுதா?”

“கொறையுது.”

“அப்பம் வேலை செய்யுது. அந்தத் தண்ணி எல்லாம் ஒன் வீட்டுக் காத்துலதான் நிக்கிது.”

அவள் வீட்டில் ஏன் வறட்சி என்பதும் ஆலைக் கணக்குத்தான். வெளியே மைனஸ் 10 டிகிரி. அந்தக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று இரண்டு கிராமுக்குப் பக்கத்தில்தான் தண்ணீர் வைத்திருக்கும். அந்தக் காற்று வீட்டுக்குள் கசிந்து, ஃபர்னஸ் சூட்டில் 21 டிகிரி ஆகும்போது அதன் கொள்ளளவு 18 கிராமுக்கு மேல். ஆக, ஆர்.ஹெச். 10 சதவீதத்தைச் சுற்றி. சமையல், குளியல், மனுஷ மூச்சு எல்லாம் சேர்ந்து அதை 20-க்கு ஏற்றும். எங்களுக்கு மோட்டார் சூடு, அவளுக்கு ஃபர்னஸ் சூடு. கதவுப் பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று அவள் சொன்னதும், கூடத்தில் சிலிர்த்து நின்ற பஞ்சு எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே மின்னேற்றம்.

எவ்வளவு பெரிய மெஷின் என்பதற்குக் கம்பெனிக்காரன் சதுர அடி சொல்வான். நான் கன அளவும் காற்றுக் கசிவும் பார்க்கச் சொல்வேன். எண்பது சதுர மீட்டர் வீடு, இரண்டரை மீட்டர் உயரம் என்றால் 200 கன மீட்டர். சுமாராக அடைத்துக் கட்டிய வீட்டில் மணிக்குப் பாதிக் காற்று மாறும் என்று வைத்தால் 100 கன மீட்டர். 21 டிகிரியில் ஆர்.ஹெச்.சை 20-லிருந்து 40-க்கு ஏற்ற ஒவ்வொரு கன மீட்டருக்கும் ஏறக்குறைய 3.7 கிராம் வேண்டும். மணிக்கு 370 கிராம், ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டர். ஒரு சாண் உயரமுள்ள அழகுப் பொருள் இந்த வேலையைச் செய்யாது. படுக்கையறைக்கு மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, என்றால் 30 கன மீட்டர் அறைக்கு ராத்திரி முழுக்க அரை லிட்டருக்குள் முடிந்துவிடும். முதலில் எந்த அறைக்கு என்று முடிவு செய்ய வேண்டும், அதன்பிறகே மெஷின். இன்னொன்றும் அவளிடம் சொன்னேன். மணிக்கு 370 கிராம் ஆவியாக 250 வாட் அளவு சூடு அறையிலிருந்து போகும். ஃபர்னஸ் அந்த அளவுக்குக் கூடுதலாக ஓடும். ஈரம் இனாமாக வராது.

எதை வாங்குவதற்கு முன்னாலும் ஈரமானி ஒன்று வாங்க வேண்டும். இப்போது டிஜிட்டலில் மலிவாகக் கிடைக்கிறது, மலிவு என்பதாலேயே ஐந்து சதவீதம் கூடக் குறையக் காட்டும். அதைச் சோதிக்க உப்பு போதும். பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சகதிப் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடி ஒரு ராத்திரி வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். 71 காட்டினால் எப்போதும் நாலு கூட்டிப் படித்துக்கொள்ளலாம். இதற்கு எங்கள் பக்கத்துப் புத்தளத்து உப்பளக் கல்லுப்பு ஆகாது. அதில் கலந்திருக்கிற மக்னீசியம் உப்பு கணக்கைக் கெடுக்கும். மழைக்காலத்தில் ஜாடியில் நீர்விடுவதும் அதனால்தான்.

நாகர்கோவில் நண்பருக்கு அந்த ஈரமானியே போதுமானதாக இருந்தது. ஏசி அறையில் தொண்டை காய்கிறது, மெஷின் வாங்கித்தா என்று நின்றார். “ஏசி தண்ணியெல்லாம் வெளிய கொட்டுது, நீரே பாரும் ஓய்” என்று பின்பக்கத்து வாளியைக் காட்டினார். வாளி நிறைந்தது உண்மை. ஆனால் அறைக்குள் ஈரமானியை ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தால் 50-க்கும் 60-க்கும் நடுவே நின்றது. நம் ஊர்க் காற்றில் அவ்வளவு எடுத்த பிறகும் அவ்வளவு மிச்சம். அவருடைய கட்டில் ஏசி வாய்க்கு நேரே கிடந்தது. கட்டிலைத் தள்ளிப் போட்டு, காற்று மேலே போகும்படி வாயைத் திருப்பி, 26-ல் வைக்கச் சொன்னேன். தொண்டை பிறகும் சரியாகாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும், மெஷின் கடைக்குப் போக வேண்டாம். அந்த அறையில் மேலும் ஈரம் ஏற்றியிருந்தால் பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை வந்திருக்கும்.

ரியாத் பையன் விஷயம் வேறு. அது பாலைவனத்து நடுவே இருக்கிற ஊர், வறட்சி நிஜம். அவன் சொல்லித்தான் தம்மாமிலும் துபாயிலும் இருக்கிற அவன் கூட்டாளிகள் என்னைக் கேட்டார்கள். அவர்களை, முதலில் ஈரமானி வாங்கிப் பாருங்கள் என்று நிறுத்திவிட்டேன். வளைகுடா என்றாலே வறட்சி என்று நினைத்துக்கொள்கிறோம். அவை கடற்கரை ஊர்கள், கோடை ராத்திரியில் கண்ணாடி ஜன்னலில் வெளிப்பக்கம் வியர்க்கும்.

வீட்டுக்குள் எவ்வளவு வேண்டும்? 40-லிருந்து 50 சுகம். 60-ஐத் தாண்டினால் பூஞ்சையும், மெத்தையில் தூசிப்பூச்சியும் பெருகும். கடுங்குளிர் ஊரில் 30, 35-ஓடு நிறுத்த வேண்டிவரும். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் நீர் கோர்த்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். சுவருக்குள் என்ன நடக்கிறது என்பதை ஜன்னல்தான் காட்டிக்கொடுக்கும். வெளியே குளிர் கூடக்கூட உள்ளே ஈரத்தைக் குறைக்க வேண்டும். கேட்க முரணாகத் தோன்றும், ஆனால் சுவர் நனையாமல் இருக்க அதுதான் வழி. மெஷினைச் சுவரை ஒட்டியோ, ஈரமானிக்குப் பக்கத்திலோ வைக்கக் கூடாது. நாலு பக்கமும் காற்று வந்து போகிற இடத்தில் மெஷினும், அறையின் மறுமுனையில் ஈரமானியும் இருக்க வேண்டும்.

மற்றதெல்லாம் தண்ணீரும் கழுவலும்தான். ஆவியாகிற தண்ணீர் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. ஆகத் தொட்டியில் மிஞ்சுகிற தண்ணீரில் உப்பு ஏறிக்கொண்டே இருக்கும். ஆலையில் தினமும் கொஞ்சம் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் சேர்ப்போம். கணவாய்க்குக் கிழக்கே போர்த் தண்ணீரில் வேலை பார்த்தவர்களுக்கு நாசில் எப்படி அடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் பழைய தண்ணீருக்கு மேல் புதுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தினமும் கொட்டிவிட்டு நிரப்ப வேண்டும். வாரம் ஒருமுறை தொட்டியைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, உப்புப் படிந்த இடத்தை வினிகரிலோ எலுமிச்சை உப்பிலோ ஊறவைத்து, வாசனை போகிற வரைக்கும் அலச வேண்டும். திரி விறைத்துக் கல்லாகிவிட்டாலோ நாற்றம் வந்தாலோ தூர எறிய வேண்டும். கடினத் தண்ணீர் ஊரில் ஒரு குளிர்காலத்துக்கு ஒன்றுக்கு மேல் திரி ஆகும். மெஷின் விலை கேட்கிறவர்கள் திரி விலையைக் கேட்பதில்லை. அது கிடைக்காமல் போனால் மெஷினை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

தொட்டித் தண்ணீரில் எதையும் கலக்கக் கூடாது. டெட்டால், யூகலிப்டஸ் எண்ணெய், வாசனைத் தைலம் எதுவுமே. கழுவ அலுப்புப்பட்டுத்தான் தென் கொரியாவில் ஒரு தேசமே அடிபட்டது. 1994-லிருந்து அங்கே ஈரமூட்டித் தொட்டியில் ஊற்றுகிற கிருமிநாசினி கடைகளில் விற்றது. தரை துடைக்க ஆபத்தில்லாத மருந்து, நுண்துளியாகி மூச்சில் போனதும் நுரையீரலைக் கெட்டிப்படுத்தியது. கைக்குழந்தைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் இறந்தார்கள். 2011-ல்தான் காரணம் வெளிப்பட்டது. 1976-ல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் தங்கியவர்களைக் கொன்ற லீஜனெல்லா கிருமியும், கவனிக்காமல் விட்ட தண்ணீரிலிருந்து காற்றில் ஏறுகிற ஜாதிதான். கழுவாத தொட்டியும் ஆபத்து, மருந்து ஊற்றிய தொட்டியும் ஆபத்து. நடுவில் இருக்கிற ஒரே வழி கையும் பிரஷும்.

எங்கள் ஆலையில் பிளான்ட்டை நிறுத்துகிற நாள் என்றால் தொட்டியை அடிவரை வடித்து, சகதியை வாரி, நாசிலைக் கழற்றி ஊசி போட்டுக் குத்தி, எலிமினேட்டர் தகடுகளை வெயிலில் அடுக்குவோம். தண்ணீரோடு நிறுத்திய பிளான்ட்டை மறுபடி ஓட்டினால் முதல் மூச்சே பாசிநாற்றமாக வரும், கூடமே முகம் சுளிக்கும். அண்ணன் மகளிடமும் மார்ச் முடிந்து ஹீட்டர் அணைகிற வாரத்தில் இதையே செய்யச் சொல்லியிருக்கிறேன்: தண்ணீரைக் கொட்டு, திரியை எறி, வினிகர் போட்டுக் கழுவு, எல்லாப் பாகத்தையும் நன்றாகக் காயவைத்துப் பிறகு பெட்டியில் வை.

ஆகவே இப்போது யாராவது எது வாங்கலாம் என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி. ஈரமானியில் எவ்வளவு காட்டுகிறது? அந்தத் தொட்டியைத் தினமும் கொட்டி, வாரந்தோறும் கழுவப்போகிறவர் வீட்டில் யார்? முதல் கேள்விக்கு எண்ணும் இரண்டாவது கேள்விக்கு ஒரு ஆளும் இருந்தால், கழற்றிக் கழுவ வசதியாக வாய் அகன்ற தொட்டியும், எளிதில் கிடைக்கிற திரியும் உள்ள எதை வாங்கினாலும் கொள்ளாம். இரண்டில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தில் நல்ல போர்வை ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.